எலியின் முதுகும் என் முழங்கையும்

மரபணு மருந்தைத் தோல் வழியே செலுத்தப் பாடுபடும் இளம் ஆய்வாளர்களுக்கு,



இந்தப் பொங்கல் விடுமுறையில், என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது பார்மசி கல்லூரி ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். "டீச்சர், உங்களுக்கு இருக்கிற சோரியாசிஸுக்குத்தான் மருந்து பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி, மடிக்கணினியைத் திறந்து இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்றில் முடி மழித்த சுண்டெலியின் முதுகு, தடித்துச் சிவந்து, செதில் படர்ந்திருந்தது. அடுத்ததில் இன்னொரு எலி. அதன் முதுகு ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது. இரண்டாவது எலிக்கு மட்டும் ஆறு நாள் ஒரு ஜெல்லைத் தடவியிருக்கிறார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுவை வாயடைக்கச் செய்யும் ஆர்.என்.ஏ. துணுக்கு அந்த ஜெல்லுக்குள் இருக்கிறது.

அவள் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அவள் போன பிறகு, முக்கால் கை ரவிக்கையை மேலே தள்ளி என் முழங்கையைப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடமாக அங்கேயே குடியிருக்கும் படை. அந்த எலியின் முதுகும் இதுவும் ஒன்றுதானா என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். அந்த யோசனையைத்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இருபத்தாறு வயதில், தலையில் தொடங்கியது. பொடுகு என்றார்கள். பிறகு முழங்கை, முழங்கால், முதுகின் கீழ்ப்பகுதி, நகங்கள். சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்றார். தோல் மருத்துவர் சோரியாசிஸ் என்றார். அம்மா வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் வைப்பாள். எண்ணெய் கருஞ்சிவப்பாக, பிறகு ஊதாவாக மாறும் வரை அதை யாரையும் தொட விடமாட்டாள். செதில் அடங்கும், படை போகாது. கரும்பலகைக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் வெள்ளைத் துகளில் எது சாக்பீஸ், எது என் தோல் என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்க, மணி அடித்ததும் நானே துடைப்பம் எடுத்துப் பெருக்கிவிடுவேன். பல வருடம் அப்படித்தான் போனது.

நான் தடவாத ஆயின்மென்ட் இல்லை. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனை என்று சில வருடங்கள் ஓட்டினேன். ஐ.எல்-17 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் வந்த பிறகு, அவற்றைப் போட்டுக்கொண்ட சிலருடைய தோல் முற்றிலும் தெளிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊசி உடல் முழுவதற்குமானது. உடம்பில் நூற்றில் ஐந்து பங்கு இடத்தில் இருக்கும் நோய்க்காக, மீதித் தொண்ணூற்றைந்து பங்கின் காவலையும் சேர்த்துத் தளர்த்த வேண்டியிருக்கிறது. காசநோய்க் கிருமி இவ்வளவு பேர் உடலில் உறங்கிக் கிடக்கும் நம் நாட்டில், ஊசிக்கு முன்னால் அந்தப் பரிசோதனை செய்யாத மருத்துவர் இல்லை. செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் வேலையின் அடிப்படை எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், அதுவும் புரதம் உருவாவதற்கு முன்பே, அதற்கான செய்தியைத் தாங்கி வரும் தூது ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வெட்டிவிடுவது. 1998இல் ஆண்ட்ரூ ஃபையரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சிறு புழுவிடம் கண்ட இந்த உத்திக்கு 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை வகுப்பில் சொன்னபோது, பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் நடத்துகிறீர்கள் என்று ஒரு பெற்றோர் கேட்டார். என் தோலுக்காக நடத்தினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இப்படி மரபணுவை வாயடைக்கும் குட்டி ஆர்.என்.ஏ.வை எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்பார்கள். 2018இல் பாடிசிரான் என்ற முதல் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பிறகு கொழுப்பைக் குறைக்க இன்க்ளிசிரான் வரை வந்துவிட்டது. இவை எல்லாமே கல்லீரலைத் தேடிப் போகிறவை. ரத்தத்தில் போட்ட எதையும் வடிகட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும் உறுப்பு அது. அங்கே போவது மற்ற இடங்களைவிட எளிது. தோலோ கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்கு எட்டுகிறது. என்றாலும் சோரியாசிஸுக்கோ கரப்பானுக்கோ தடவும் மரபணு மருந்து ஒன்றுகூட இன்று வரை மருந்துக்கடைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்றாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன், ஏனென்றால் என் வேண்டுகோள் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தோலின் மேற்புறத்தில் உள்ள இறந்த செல்களின் அடுக்கு, ஒரு தாளின் கனம்கூட இல்லை. பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். தட்டையான செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் காரையாகப் பூசியிருக்கின்றன. இந்தச் சுவரைத் தாண்ட வேண்டுமானால் மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இருவர் எழுதினார்கள். அதைப் படித்தபோது என் வாழ்க்கைக் கணக்கைப் படித்தது போல இருந்தது. எனக்குக் கேட்கும் குளோபெட்டாசால் 467. கால்சிபோட்ரியால் 413. சைக்ளோஸ்போரின் 1,202, அதை வாய் வழியே கொடுத்தால் சோரியாசிஸ் வேகமாக அடங்கும், தோலில் தடவினால் ஒன்றும் நடக்காது. டாக்ரோலிமஸ் 804; அது இன்னும் நல்ல பாடம். கரப்பான் உள்ளவர்களுக்கு அந்த ஆயின்மென்ட் நன்றாக வேலை செய்கிறது. சோரியாசிஸுக்கு முகத்திலும் அக்குளிலும் வேலை செய்கிறது. முழங்கையில் தடித்துக் கிடக்கும் படைமேல் தடவினால் பயன் இல்லை. மருந்து அதேதான், நோயும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். இடம் மட்டும் வேறு.

உங்கள் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வின் எடை ஏறக்குறைய 13,000. உடல் முழுக்க எதிர்மின்னூட்டம். நீரை விரும்பும், கொழுப்பை வெறுக்கும். தோலில் இருக்கும் நொதிகள் அதை நிமிடங்களில் கத்தரித்துவிடும். எட்டுச் செ.மீ. சந்துக்குள் யானையை நுழைப்பது போன்ற வேலை இது என்று என் மாணவி சொன்னாள்.

இந்தத் துறையில் மனிதத் தோலில் வெற்றி என்று சொல்லத்தக்க இரண்டு நிகழ்ச்சிகளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முதலாவது, 2010இல் வெளியான அமெரிக்கச் சோதனை. பேக்கியோனிக்கியா கன்ஜெனிட்டா என்ற அரிய பரம்பரை நோய். உள்ளங்காலில் தாங்க முடியாத வலியோடு காய்ப்பு காய்க்கும். கெரட்டின் 6ஏ மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்துப் பிழையை மட்டும் குறிவைத்த எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வை ஒரே ஒரு நோயாளியின் ஒரு பாதத்தில் செலுத்தினார்கள். மருந்து போன இடத்தில் காய்ப்பு உதிர்ந்தது. மருந்தில்லாத திரவம் போன மறு பாதத்தில் உதிரவில்லை. ஆனால் மருந்து ஊசி வழியாகத்தான் போனது. அந்த ஊசியின் வலிக்கு நரம்பை மரத்துப்போகச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது, 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வைஜுவெக். பட்டாம்பூச்சியின் சிறகு போலத் தோல் உரியும் குழந்தைகளுக்கான மருந்து. பெருகும் திறன் நீக்கப்பட்ட அக்கி வகை வைரஸ், ஏழாம் வகைக் கொலாஜனின் மரபணுவைச் சுமந்துகொண்டு ஜெல்லில் கலந்து, வாரம் ஒருமுறை புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக விடப்படுகிறது. தடவும் மரபணு மருந்து என்றால் இன்று அதைத்தான் காட்ட முடியும். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவதில் சுவரை ஊசி துளைத்தது. இரண்டாவதில் சுவரே இல்லை, திறந்த புண். சுவர் இருக்கும்போது அதைத் தாண்டிய கதை இன்னும் எழுதப்படவில்லை.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. சிகாகோப் பக்கத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், சாட் மிர்க்கினும் தோல் மருத்துவர் ஏமி பாலரும் தங்கத் துகளைச் சுற்றி ஆர்.என்.ஏ.வை முள்ளம்பன்றி போல நிறுத்தி, சாதாரண மாய்ஸ்சுரைசரில் கலந்து தடவினார்கள். 2012இல் அது வெளியானது. அந்த வழியில் வந்த ஒரு ஜெல், ஐ.எல்-17 ஏற்பியைக் குறிவைத்து, ஜெர்மனியில் சோரியாசிஸ் நோயாளிகளிடம் முதல் கட்டச் சோதனை வரை போனது. அதற்கு மேல் மருந்தாகவில்லை. ஜப்பானில், அழற்சியின் முக்கியப் புரதம் ஒன்றை ஏமாற்றிக் கட்டிப்போடும் சிறு டி.என்.ஏ. துண்டைக் கரப்பானுக்கான ஆயின்மென்ட்டாக்கிக் கடைசிக் கட்டம் வரை கொண்டுபோனார்கள்; பலன் நிறுவப்படவில்லை. மும்பையில் வேதிப் பொறியியல் படித்து ஹார்வர்டுக்குப் போன சமீர் மித்ரகோத்ரியின் குழு, கோலினையும் எலுமிச்சம்புல்லில் இருக்கும் ஜெரானிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களையும் சேர்த்து அயனித் திரவங்களை உண்டாக்கி, அவற்றில் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வைக் கரைத்தது. 2020இல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்தபோது, உப்பு என்றால் கல் போல இருக்கும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அறை வெப்பத்தில் திரவமாக ஓடும் உப்பு! ஐ.எல்-17இன் கட்டளையைத் தோல் செல்லுக்குள் நிறைவேற்றும் மரபணுவை அது எலியில் அடக்கிக் காட்டியது.

எலியில். நான் சொல்ல வந்தது இந்த எலியைப் பற்றித்தான்.

நீங்கள் எல்லோரும் பயன்படுத்தும் எலிக்குச் சோரியாசிஸ் கிடையாது. மருக்களுக்குப் போடும் இமிக்விமோட் என்ற 5 சதவீதக் கிரீமை முதுகில் ஐந்தாறு நாள் தடவி உண்டாக்கும் அழற்சி அது. 2009இல் நெதர்லாந்துக் குழு ஒன்று இந்த முறையை விவரித்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மலிவு, விரைவு; மனித சோரியாசிஸில் உள்ள அதே ஐ.எல்-23, ஐ.எல்-17 புரதப் பாதையைத் தூண்டுகிறது. பயனுள்ள கருவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் கிரீமை நிறுத்தினால் எலியின் முதுகு தானாகவே ஆறிவிடும். என்னுடையது முப்பத்து நான்கு வருடம் ஆறவில்லை. எலியின் மேலடுக்கு மனிதத் தோலைவிட மெல்லியது, மயிர்க்கால்கள் நெருக்கமானவை, ஒவ்வொரு மயிர்க்காலும் உங்கள் நானோ துகளுக்கு ஒரு சுரங்க வழி. என் முழங்கையில் மயிர் எங்கே இருக்கிறது? இன்னொன்றும் இருக்கிறது. உங்களில் பலர் இமிக்விமோட்டையும் உங்கள் மருந்தையும் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் தடவுகிறீர்கள். அப்படியானால் நீங்கள் நோயைக் குணமாக்கவில்லை, நோய் வர விடாமல் தடுக்கிறீர்கள். எங்களில் எவரும் நோய் வருவதற்கு முந்தைய நாள் மருத்துவரிடம் போவதில்லை.

என் படையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 28 நாளில் மேலே வந்து உதிர வேண்டிய செல், இங்கே நாலைந்து நாளில் வந்துவிடுகிறது. முதிர நேரமில்லாமல், உட்கருவைக்கூடத் துறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கிறது. காரைக்கான செராமைடு குறைவு. அதனால் உள்ளிருக்கும் ஈரம் கசிந்து போகிறது. உங்கள் கட்டுரைகளில் சில, "நோயுற்ற தோலின் அரண் பலவீனமானது, ஆகவே மருந்து எளிதில் நுழையும்" என்ற ஒரு வரியோடு இதைக் கடந்துவிடுகின்றன. கரப்பானுக்கு அது ஓரளவு பொருந்தலாம். எனக்குப் பொருந்தாது. கதவு உடைந்த வீடுதான், ஆனால் வாசல் முழுக்க மூட்டை மூட்டையாகச் சரக்கு அடுக்கிக் கிடக்கிறது. தண்ணீர் கசிய வழி இருக்கிறது. 13,000 டால்டன் எடையுள்ள விருந்தாளி உள்ளே வர வழி இல்லை. சாலிசிலிக் அமிலம் போட்டு, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் செதிலை எடுத்த பிறகுதான் சாதாரண ஸ்டீராய்டே எங்களுக்கு வேலை செய்கிறது. உங்கள் சோதனையில் அந்தப் படி எங்கே?

வாசலைத் தாண்டி உள்ளே வந்தாலும் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. இதைப் பற்றி நீங்கள் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் ஆசை. எல்.எல்-37 என்று ஒரு சிறு புரதம். கிருமியைக் கொல்ல நம் தோலே சுரப்பது. சோரியாசிஸ் படையில் அது அபரிமிதமாக இருக்கிறது. செத்த செல்களிலிருந்து சிந்தும் நம்முடைய சொந்த டி.என்.ஏ.வை அது கட்டிப் பொட்டலமாக்கி, காவல் செல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவையும் வைரஸ் வந்துவிட்டதாக எண்ணி அபாயச் சங்கு ஊதுகின்றன என்று 2007இல் கண்டார்கள். ஆர்.என்.ஏ.வுக்கும் அது இதையே செய்கிறது என்று பிறகு தெரிந்தது. நோயின் தொடக்கத்திலேயே இந்தத் தவறான வாசிப்பு இருக்கிறது. ஆர்.என்.ஏ.வை வாசிக்கும் அந்தக் காவல் ஏற்பிகளில் ஒன்றின் பெயர் டி.எல்.ஆர்-7. நீங்கள் எலிக்கு நோயை உண்டாக்கப் பயன்படுத்தும் இமிக்விமோட் தட்டி எழுப்புவதும் அதே டி.எல்.ஆர்-7ஐத்தான். அப்படியானால், தப்பாக வடிவமைத்த ஆர்.என்.ஏ. மருந்தை என் படைக்குள் செலுத்துவது, எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவதாக முடியலாம். சர்க்கரைப் பகுதியில் மெத்தில் தொகுதியையோ ஃபுளோரினையோ மாட்டினால் ஏற்பியின் கண்ணில் படாமல் தப்பலாம் என்பது உங்களுக்குத் தெரிந்த வேதியியல்தான். பாடிசிரானிலேயே செய்திருக்கிறார்கள். ஆனால் விலை குறைவு என்பதற்காக மாற்றம் செய்யாத ஆர்.என்.ஏ.வை வாங்கி எலியில் போட்டுப் பார்த்துவிட்டு "பாதுகாப்பானது" என்று எழுதும் பழக்கம் இருந்தால், அதை விட்டுவிடுங்கள். எல்.எல்-37 மனிதனுடையது, எலிக்கு வேறு ஒன்று.

நுண்ணூசி ஒட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹயலுரானிக் அமிலத்தில் செய்த, தோலில் குத்தியதும் கரைந்துபோகும் ஊசிகளை என் மாணவி காட்டினாள். அழகான பொருள், தடவுவதைவிட உறுதியான வழி. தடுப்பூசிக்கு அதைவிட நல்லது கிடையாது என்றே நம்புகிறேன். ஆனால் எங்கள் தோலுக்கு ஒரு குணம் உண்டு. கீறினால், அடிபட்டால், கீறிய கோட்டிலேயே புதுப் படை முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த குணம். எங்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. எனக்கு இருக்கிறது. சமையலறையில் தேங்காய்த் துருவி கிழித்த இடத்தில் மூன்று வாரத்தில் படை வந்தது. ஒரு சதுர செ.மீ.க்குள் நூறு ஊசி குத்தப்போகும் நீங்கள், படையின் விளிம்பைத் தாண்டிய நல்ல தோலில் என்ன ஆகிறது என்று மூன்று வாரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிறகு, உங்கள் பச்சை ஒளிப் படங்கள். சாயம் கட்டிய ஆர்.என்.ஏ. தோலுக்குள் 200 மைக்ரோமீட்டர் வரை இறங்கியதாகக் காட்டுகிறீர்கள். சாயம் கழன்று அது மட்டும் இறங்கவில்லை என்பதற்கு என்ன உறுதி? இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். செல் அதை ஒரு பைக்குள் விழுங்குகிறது. அந்தப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது, கல்லீரலுக்குப் போகும் நன்கு தேறிய லிப்பிடு துகள்களிலேயே நூற்றில் ஒன்றிரண்டுதான் என்று 2013இல் அளந்து சொன்னார்கள். ஆகையால் ஒளி தெரிந்தது என்பது போதாது. குறிவைத்த தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு குறைந்தது, எந்த அடுக்கில் குறைந்தது, புரதமும் குறைந்ததா, எத்தனை நாள் குறைந்தே இருந்தது என்று சொல்லுங்கள். தொடர்பில்லாத ஆர்.என்.ஏ.வைச் சுமந்த அதே ஜெல் என்ன செய்தது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். வெறும் எண்ணெய்ப் பசைக்கே எங்கள் செதில் பாதி அடங்கும். என் அம்மாவின் வெட்பாலைத் தைலத்துக்குத் தேங்காய் எண்ணெய் எவ்வளவு உதவியது, இலை எவ்வளவு உதவியது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

எந்தச் செல்லைக் குறிவைக்கிறீர்கள் என்பதும் உண்டு. சிகிச்சையில் படை முற்றிலும் மறைந்து, கரிய தழும்பு மட்டும் மிஞ்சி, ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே ஓரத்தோடு திரும்ப வருவதை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஞாபகசக்தி உள்ள டி செல்கள் ஆறிய தோலுக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் காரணம் என்கிறார்கள். மேல்தோலின் கெரட்டினோசைட்டுகளை அடக்கினால் அறிகுறி அடங்கும்; உங்களால் எட்ட முடிந்ததும் அவைதான். நல்லது, அங்கிருந்தே தொடங்குங்கள். ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு ஆறு நாள் எலி பதில் சொல்லாது.

இன்னொரு கணக்கு. சிகிச்சைக்கு எலியின் முதுகில் நீங்கள் மழிப்பது பெரும்பாலும் 2க்கு 3 செ.மீ., அதாவது 6 சதுர செ.மீ. ஒரு மனிதரின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் அவர் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. பத்து உள்ளங்கை அளவு படை உள்ளவருக்கு அது 1,500 சதுர செ.மீ.க்கு மேல் போகும். விரல் நுனி அளவு களிம்பு அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைக்குப் போதும். அப்படியானால் ஒரு வேளைக்கு இரண்டரை கிராம், இரு வேளைக்கு ஐந்து, மாதத்துக்கு 150 கிராம். உங்கள் ஜெல்லில் 150 கிராம் செய்ய எவ்வளவு ஆர்.என்.ஏ. வேண்டும், அதன் விலை என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2023இல் வந்தபோது வைஜுவெக் ஒரு குப்பி 24,000 டாலருக்கு மேல். அரிய நோய்க்கு அந்த விலையைச் சில நாடுகள் தாங்கிக்கொள்ளும். கோடிக்கணக்கான பேருக்கு இருக்கும் நோய்க்கு யாரும் தாங்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை தடவினால் போதும் என்ற அளவுக்கு ஆர்.என்.ஏ.வை உறுதியாக்குவது, சிறு துளியை முழுப் படைக்கும் பரப்பும் களிம்புத் தளத்தைக் கண்டுபிடிப்பது ஆகியவையும் ஆராய்ச்சிதான். ஆய்விதழ்கள் அதைப் புதுமையாக மதிக்காமல் போகலாம். நாங்கள் மதிப்போம்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வியர்வையோடு கலந்து ரவிக்கையை நனைக்கும் பிசுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் தடவுவதற்கும் காலில் தடவுவதற்கும் ஒரே தளம் ஆகாது. எங்கள் நிறத்தில் படை சிவப்பாகத் தெரியாது. கருஊதாவாக, சாம்பலாகத் தெரியும். சிவப்பைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறையில் எங்கள் நோய் எப்போதுமே குறைவாகத்தான் பதிவாகும்.

இவ்வளவும் எழுதியது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. எலியைக் கைவிடச் சொல்லவும் இல்லை. எலிக்குப் பிறகு ஒரு படி வையுங்கள் என்று கேட்கிறேன். முட்டைச் சவ்விலும் பன்றிக் காதுத் தோலிலும் ஊடுருவலை அளந்துவிட்டு நேரே எலிக்குப் போகிறீர்கள். இரண்டுக்கும் இடையிலோ பின்னாலோ, உண்மையான சோரியாசிஸ் தோல் ஒரு துண்டாவது இருக்கட்டும். 4 மில்லிமீட்டர் பயாப்சி போதும். அதை ஊடகத்தில் சில நாள் உயிரோடு வைத்து, உங்கள் ஜெல்லை மேலே தடவி, குறிவைத்த மரபணு அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் அதையும் வெளியிடுங்கள். எலியில் அடங்கி மனிதப் படையில் அடங்கவில்லை என்று நேர்மையாக எழுதிய ஒரு கட்டுரை, எங்களுக்கு இருபது வெற்றிக் கட்டுரைகளைவிடப் பெரிய உதவி. அடுத்து வரும் பிள்ளை அதே சுவரில் முட்டாமல் இருப்பாள்.

நோயாளிகளின் தோல் கிடைப்பதில்லை, நெறிக்குழு அனுமதிக்குப் பல மாதம் ஆகிறது, தோல் மருத்துவத் துறைக்கும் பார்மசி கல்லூரிக்கும் போக்குவரத்தே இல்லை என்று என் மாணவி சொன்னாள். அனுமதிக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். தோலுக்கு எங்களைக் கேட்டீர்களா? புறநோயாளிப் பிரிவின் பெஞ்சில் என்னோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேர், கௌரவமாகக் கேட்டால், எதற்கு என்று புரியும்படி சொன்னால், மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இத்தனை வருடம் வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை, இது எனக்கு வேண்டும் என்று ஒருவர் கை நீட்டிக் கேட்பது எங்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தினமும் உதிரும் செதிலுக்கு அறுவை சிகிச்சைகூடத் தேவையில்லை. ஒட்டுநாடாவால் எடுத்தாலே உங்கள் ஆர்.என்.ஏ.வை அதன் நொதிகள் எத்தனை நிமிடத்தில் வெட்டுகின்றன என்று பார்த்துவிடலாம்.

நான் முதல் ஆளாக வருகிறேன். இடது முழங்கையிலிருந்து ஒன்று, அதற்குப் பக்கத்து நல்ல தோலிலிருந்து ஒன்று. பயாப்சி எடுத்த இடத்தில் புதுப் படை முளைக்கலாம் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். மாணவிக்குத் தொலைபேசியில் சொன்னபோது சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, வழிகாட்டியிடம் பேசி, நெறிக்குழுவுக்கு எழுதி, ஒப்புதல் படிவத்தோடு கோடை விடுமுறைக்கு வருகிறேன் என்றாள். கோடை வேண்டாம், முடிந்தால் அடுத்த மார்கழிக்கு ஏற்பாடு செய், பனிக்காலத்தில்தான் படை நன்றாகத் தடித்திருக்கும், வெயிலில் மெலிந்துபோய்விடும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
முப்பத்து நான்கு வருடமாகச் சோரியாசிஸோடு வாழும் ஓர் ஆசிரியை